மின் ரோடு பைக்கில் பழவேற்காடு: ஒரு நாள் இரவல் வாங்கி ஓட்டிய கதை

#1 · செயின்கவர், ராயபுரம் · ஞாயிறு இரவு 8.50

எல்லாருக்கும் வணக்கம். மூன்று மாதமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதவில்லை. காரணம் முழங்கால். எனக்கு 51 வயது. இடது முட்டியில் தேய்மானம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சைக்கிளை விடச் சொல்லவில்லை, "அமுக்கி மிதிக்காதீங்க" என்றார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கும்பலோடு அமுக்காமல் எப்படிப் போவது? கூட வரும் பையன்கள் மணிக்கு 28 கி.மீ.க்குக் கீழே வரமாட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான், ஒவ்வொரு பாலத்துக்கும் எனக்காக நிற்கிறார்கள். அப்படி நிற்கும்போதுதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன வாரம் ஒரு கடையில் மின் ரோடு பைக் (நாம் மிதிக்கும்போது மோட்டாரும் தள்ளிக் கொடுக்கும் ரேஸ் சைக்கிள்) ஒன்று டெமோவுக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். முன்பணம் கட்டினால் ஒரு நாள் கொடுப்பார்களாம். கடைப் பெயர் இங்கே வேண்டாம். "ஒரு சார்ஜுக்கு 120 கி.மீ. சார், கவலையே வேண்டாம்" என்றார் கடைக்காரர். அந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வண்டி இதுதான்: வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர், டிஸ்க் பிரேக். தள்ளி நின்று பார்த்தால் மோட்டார் வண்டி என்றே தெரியாது. பேட்டரி ஃபிரேமின் கீழ்க்குழாய்க்குள் அடங்கியிருக்கிறது, நாம் வெளியே எடுக்க முடியாது. அதன் கொள்ளளவு 250 வாட்-ஹவர். மோட்டார் பின் சக்கரத்தின் நடுவில், பெரிய மாதுளம்பழம் அளவுக்கு. மேல்குழாயில் ஒரு பட்டன், அதைச் சுற்றி ஒரு விளக்கு. வெள்ளை எரிந்தால் முக்கால்வாசிக்கு மேல் சார்ஜ் இருக்கிறது, பச்சை என்றால் பாதிக்கு மேல், ஆரஞ்சு என்றால் கால்வாசிக்கு மேல், அதற்குக் கீழே சிவப்பு. மீட்டர், எண் ஒன்றும் கிடையாது. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 13.6 கிலோ. என் பழைய வண்டி 9.8.

காலை ஐந்து மணிக்குக் கல்மண்டபத்தில் நாலு பேரும் கூடினோம். காசிமேட்டைத் தாண்டும்போதே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஐஸ் வண்டி, மீன் பாடி வண்டி, கூடை. அதைக் கடந்து எண்ணூர் விரைவுச் சாலையில் ஏறியதும் பையன்கள் வழக்கம்போல 28 பிடித்தார்கள். அங்கேதான் எனக்கு முதல் ஏமாற்றம். 25 வரை யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது மாதிரி இருக்கிறது. 25ஐத் தாண்டியதும் அந்தக் கை போய்விடுகிறது. வெடுக்கென்று இல்லை, மெதுவாக. அதற்குப் பிறகு நீங்கள், உங்கள் முட்டி, பதிமூன்றரைக் கிலோ இரும்பு. மோட்டார் பின்னால் இழுக்கவில்லை, அதுவரை நிம்மதி. ஆனால் தள்ளவும் இல்லை. திருவொற்றியூர் வரை நான் 28ல் மிதித்தது முழுக்க என் சொந்தக் கால்.

எர்ணாவூர் மேம்பாலம் வந்தது. நம் ஊரில் மலை என்றால் அதுதானே. பையன்கள் சீட்டிலிருந்து எழுந்து மிதித்தார்கள். வேகம் 19, 18 என்று இறங்கியதும் எனக்கு அந்தக் கை திரும்ப வந்தது. உட்கார்ந்த வாக்கில், மூச்சு மாறாமல், மூன்று பேரையும் தாண்டிப் போனேன். இந்த மூன்று மாதத்தில் முட்டி வலியில்லாமல் ஒரு பாலம் ஏறியது இன்றைக்குத்தான். உச்சியில் நின்று அவர்களுக்காகக் காத்திருந்தேன். வேண்டுமென்றேதான்!

கண் சொக்குகிறது. மீதி நாளை.

#2 · மிதிமன்னன், பெரம்பூர் · ஞாயிறு இரவு 9.15

அண்ணே, தப்பா நினைக்காதீங்க. மோட்டார் வேண்டுமென்றால் ஸ்கூட்டர் இருக்கிறது. அந்த வண்டி விலைக்கு இரண்டு மின் ஸ்கூட்டர் வாங்கி ஒன்றை எனக்குக் கொடுக்கலாம். 25க்கு மேல் வேலை செய்யாத மோட்டாரை, மேடே இல்லாத ஊரில், லட்சக்கணக்கில் கொடுத்து எதற்கு வாங்க வேண்டும்? செங்குன்றத்தில் குன்று இருக்கிறதா என்ன?

#3 · ஓம்_விதி, தண்டையார்பேட்டை · ஞாயிறு இரவு 9.40

அந்த 25 கடைக்காரர் வைத்ததில்லை, சட்டம் வைத்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு வரையறை இருக்கிறது. மோட்டாரின் 30 நிமிட சக்தி (அரை மணி நேரம் விடாமல் தரக்கூடியது) 0.25 கிலோவாட்டுக்குக் குறைவு, உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவு, பேட்டரியை விட்டுவிட்டு எடை 60 கிலோவுக்கு மிகாமல் என்று இருந்தால் அதை மோட்டார் வாகனமாகவே கணக்கில் எடுப்பதில்லை. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம். ஐரோப்பாவிலும் இதே மாதிரி 250 வாட், 25 கி.மீ.தான். அமெரிக்காவில் ஒரு வகைக்கு 45 வரை அனுமதி உண்டு, அதனால்தான் அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே ஓட்டினால் ஏமாற்றமாக இருக்கும்.

"அந்த 25 கி.மீ. பூட்டைக் கழற்றித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். கழற்றிய நிமிடமே அது பதிவில்லாத மோட்டார் வாகனம். எண்ணூர் சாலையில் ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல முடியாது.

ஒரு கேள்வி. மிதி சுற்றினாலே தள்ளுகிறதா, இல்லை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு தள்ளுகிறதா? இரண்டும் வேறு வேறு சென்சார்.

#4 · வடக்குவாசல், திருவொற்றியூர் · ஞாயிறு இரவு 10.20

மிதிமன்னன் தம்பி, மேடு இல்லை சரி. டிரெய்லர் இல்லையா?

நான் தினமும் அந்தச் சாலையில் வேலைக்குப் போகிறவள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். சிக்னல் விழுந்ததும் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பும். நாம் நின்ற இடத்திலிருந்து மிதித்து, ஆடி ஆடி நேராவதற்குள் மூன்று, நாலு நொடி போய்விடும். பக்கத்தில் ஆள் உயரத்துக்குச் சக்கரம். இடது பக்கம் ஒட்டி நிற்கும் சைக்கிளை அந்த ஓட்டுநரால் பார்க்கவே முடியாது, அவர் மேல் குற்றமும் இல்லை. நான் எத்தனையோ தடவை பயத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரம் போயிருக்கிறேன்.

அண்ணா, எனக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அந்த வண்டி எப்படி இருந்தது?

#5 · மீஞ்சூர்காரன் · திங்கள் காலை 6.35

நேற்றுக் காலையில் மீஞ்சூர் பஜார் பக்கம் ஆரஞ்சு ஹெல்மெட் போட்டுக்கொண்டு பங்க்சர் கடை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றது நீங்கள்தானா சார்? அந்தக் கதையை ஏன் எழுதவில்லை?

#6 · செயின்கவர் · திங்கள் இரவு 8.30

மாட்டிக்கொண்டேன். நான்தான்.

வடக்குவாசலுக்கு முதலில். கிளம்புவது நன்றாக இருந்தது, ஆனால் பழக வேண்டும். இந்த வண்டியில் மிதி சுற்றினாலே தள்ளுகிறது (ஓம்_விதி, உங்களுக்கும் இதே பதில்). அரைச் சுற்று வரை ஒன்றும் நடக்காது, அப்புறம் திடீரென்று ஒரு உந்து. முதல் சிக்னலில் முன்னால் நின்ற ஆட்டோவின் பின்பக்கத்தை முத்தமிடப் போனேன். சின்ன கியரில் போட்டு, ஒரு விரலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு கிளம்பக் கற்றுக்கொண்ட பிறகு சரியாகிவிட்டது. நாலு மிதியில் 20 வந்துவிடுகிறது. ஆட்டமே இல்லை. டிரெய்லர் கியர் மாற்றுவதற்குள் நாம் முன்னால் போய்விடலாம். நீங்கள் சொன்ன அந்தப் பயம் எனக்கும் உண்டு. நேற்று அது பாதியாகக் குறைந்தது உண்மை.

இப்போது பங்க்சர்.

மணலி புதுநகர் தாண்டி, நாப்பாளையத்தில் கொசஸ்தலை ஆற்றுப் பாலம் கடந்து, வல்லூர் வரை ஒழுங்காகப் போனோம். மீஞ்சூருக்குள் நுழையும்போது பின்பக்கம் மெத்துமெத்தென்றது. பார்த்தால் முடி மாதிரி ஒரு இரும்புக் கம்பி. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது உள்ளே இருக்கும் கம்பி சாலையெல்லாம் உதிர்ந்து கிடக்குமே, அதே கம்பிதான். நம் பாதையில் பத்துப் பங்க்சரில் எட்டு அதனால்தான் என்று நினைக்கிறேன்.

என் பையில் மாற்று டியூப் இருந்தது. ஆனால் பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் மோட்டாருக்குப் போகும் ஒயர் இணைப்பைப் பிரிக்க வேண்டும், அச்சு நட்டுக்குத் தனிச் சாவி வேண்டும். சாவியைக் கடைக்காரர் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை, யாரைக் குறை சொல்ல? பையன்கள் கூகுளில் தேட ஆரம்பித்தார்கள்.

பஜாரில் ஒரு பங்க்சர் கடை அப்போதுதான் திறந்தது. பெரியவர் ஒருவர். நான் மோட்டார், ஒயர், சாவி என்று ஒரு பிரசங்கம் செய்தேன். அவர் பாதியிலேயே, "சக்கரத்தை எதுக்குக் கழட்டணும்?" என்று கேட்டார். வண்டியைப் பக்கவாட்டில் ஒரு சாக்கின் மேல் படுக்க வைத்தார். டயரின் ஒரு ஓரத்தை மட்டும் லிவர் போட்டு நெம்பி, டியூபை வெளியே உருவி, தண்ணீர்ச் சட்டியில் முக்கி, குமிழி வந்த இடத்தைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போட்டு உள்ளே தள்ளிவிட்டார். டயருக்குள் விரலை விட்டுச் சுற்றித் தடவி அந்தக் கம்பியையும் எடுத்துக் காட்டினார். பதினைந்து நிமிடம். சின்ன வயதில் வீட்டு சைக்கிளுக்கு இப்படித்தானே ஒட்டுவார்கள்? எனக்கு ஏன் மறந்துபோனது?

காற்றடிக்கும்போதுதான் ஒரு சிக்கல். இந்த வண்டியில் மெல்லிய பிரெஸ்டா வால்வு, அவர் கம்ப்ரஸரின் வாய் பைக், கார் வால்வுக்குத்தான் பொருந்தும். என் சாவிக்கொத்தில் ஒரு பித்தளை அடாப்டர் தொங்கும், அது காப்பாற்றியது. இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் சாமான். எந்த ரோடு பைக் வைத்திருந்தாலும் ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

பொன்னேரியில் இட்லி, வடகறி. அங்கிருந்து பழவேற்காடு 18 கி.மீ. போல. அந்தச் சாலை எனக்குச் சொத்து எழுதிக் கொடுத்த மாதிரி பிடிக்கும். இரண்டு பக்கமும் வயல், அப்புறம் மெல்ல மெல்ல மண் உப்பாகி, காற்றில் சேற்று வாசனை. 26, 27ல் போனதால் மோட்டாருக்கு அங்கே வேலையே இல்லை. பழவேற்காட்டில் இறங்கிப் பார்த்தால் விளக்கு பச்சை. 54 கி.மீ. வந்தும் பாதிக்கு மேல் இருக்கிறது. கடைக்காரர் வாய்க்குச் சர்க்கரை போடலாம் என்று நினைத்தேன்.

ஏரியில் பூநாரைகள் தூரத்தில் ஒரு வெளிர்க் கோடு மாதிரி தெரிந்தன. மார்ச் மாதம், கிளம்பப் போகிற நேரம். டச்சுக் கல்லறைக்கும் போனோம். 1613ல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டை கட்டியவர்களின் ஆட்கள் அங்கே கிடக்கிறார்கள். வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். "இன்னைக்கு அவங்க ஊர்ல விக்கிற புது சைக்கிள்ல கிட்டத்தட்ட பாதி மின் சைக்கிள்தானாம், இவங்க கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க" என்றான் ஒரு பையன்.

இறால் தொக்கோடு சாப்பாடு. சாப்பிட்ட இடத்தில் அந்த அம்மாவிடம், "ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கலாமா?" என்று கேட்டேன். சார்ஜரை முக்கால் கிலோ எடையோடு முதுகில் சுமந்து வந்தது அதற்குத்தான். "தாராளமா போடு தம்பி" என்று பிளக்கைக் காட்டினார். போட்டேன். எரியவில்லை. "காலையில போன கரண்ட், இன்னும் வரல" என்றார்.

பரவாயில்லை, பச்சை இருக்கிறதே என்று கிளம்பினோம். மணி பன்னிரண்டு.

#7 · மிதிமன்னன் · திங்கள் இரவு 8.55

பன்னிரண்டு மணிக்கு, மார்ச் மாதத்தில், பொன்னேரியிலிருந்து தெற்கே. அண்ணே, கடல்காற்று என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டதில்லையா?

#8 · செயின்கவர் · திங்கள் இரவு 9.30

கேள்விப்பட்டேன், நேற்று மத்தியானம், இரண்டு காதிலும்.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை காற்று இடது தோளில் அடித்தது. ஹேண்டிலை இறுகப் பிடிக்க வேண்டியிருந்ததே தவிர ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பொன்னேரியில் ஆரணி ஆற்றைத் தாண்டி மீஞ்சூர்ச் சாலையில் திரும்பினோம். அந்தச் சாலை தென்கிழக்கே போகிறது, காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. வெயிலில் நாலு பேருக்கும் நாக்கு தள்ளியது. பையன்களின் வேகம் 28லிருந்து 24, 22, 20. ஒருவன் பேசுவதை நிறுத்திவிட்டான், அவன் வாய் மூடி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு மட்டும் அந்தக் கை திரும்ப வந்துவிட்டது. வேகம் 25க்குக் கீழே வந்துவிட்டதே! காற்று அடிக்க அடிக்க அது தள்ளுகிறது. நான் முன்னால் போனேன். "பின்னால ஒதுங்குங்கடா" என்றேன். மூன்று பேரும் என் முதுகுக்குப் பின்னால் வரிசையாக ஒதுங்கினார்கள். பொன்னேரியிலிருந்து மீஞ்சூர், வல்லூர், நாப்பாளையம் என்று மொத்தமும் நான்தான் காற்றை வாங்கினேன். 22ல், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு. எத்தனை வருடமாக இவர்கள் முதுகுக்குப் பின்னால் நான் ஒதுங்கியிருக்கிறேன்!

மீஞ்சூரில் ஆரஞ்சு. நாப்பாளையம் பாலத்தில் சிவப்பு. மணலி புதுநகரில் சிவப்பு மின்ன ஆரம்பித்தது. உதவியை ஒரு படி குறைத்தேன். அப்புறம் சுத்தமாக நிறுத்தினேன், எர்ணாவூர் மேம்பாலத்துக்காகச் சேமித்து வைக்க. பாலத்தின் அடியில் பட்டனை அமுக்கினேன், வந்தது. பாதி ஏற்றத்தில் போய்விட்டது. மீதிப் பாதியை முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். இந்தத் தடவை உச்சியில் காத்திருந்தது அவர்கள்.

ஆக 108 கி.மீ. பயணத்தில் 100 கி.மீ.க்குள் சார்ஜ் காலி, அதுவும் போகும்போது பாதித் தூரம் மோட்டார் வேலையே செய்யாமல். இன்று காலை வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னேன். "காத்து இருந்திருக்கும் சார்" என்றார். இருந்தது, சார்.

#9 · ஓம்_விதி · செவ்வாய் காலை 7.10

கணக்குப் போட்டுப் பார்த்தேன், உங்கள் கதை அப்படியே பொருந்துகிறது.

உங்கள் எடையும் வண்டியும் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாமல் சமதளத்தில் 22ல் போக 75 வாட் போதும். எதிரே மணிக்கு 15 கி.மீ. காற்று அடித்தால் அதே 22க்கு 160 வாட் வேண்டும். இரண்டு மடங்குக்கு மேல். நீங்கள் பாட்டு முணுமுணுத்தீர்கள் என்பதால் உங்கள் பங்கு 85 போல இருக்கும், மீதி 75 மோட்டார். வெப்பமாகப் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து மணிக்கு 95 வாட்-ஹவர் போயிருக்கும். பொன்னேரியிலிருந்து எர்ணாவூர் 28 கி.மீ., 22ல் ஒன்றேகால் மணி நேரம். 120 காலி. பழவேற்காட்டில் உங்கள் பச்சைக்கு அர்த்தம் பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில் எங்கேயோ. 60 சதவீதம் என்று வைத்தால் 150. பொன்னேரி வரை வந்ததில் 25 போயிருந்தால், பாலத்தின் அடியில் உங்கள் கையில் இருந்தது 5 வாட்-ஹவர். நீங்கள் ஏறிய அந்தப் பாதிப் பாலம்தான் அது.

அதனால்தான் கி.மீ. கணக்கில் பேசும் கடைக்காரரை நான் நம்புவதில்லை. வாட்-ஹவரைக் கேளுங்கள், நீங்கள் போகும் பாதையில் எத்தனை மணி நேரம் 25க்குக் கீழே ஓட்டுவீர்கள் என்று பாருங்கள், முடிந்தது. பெசன்ட் நகரில் காலை ஆறு மணிக்கு 29ல் ஓட்டுகிறவருக்கு அதே பேட்டரி 200 கி.மீ.கூட வரும், ஏனென்றால் அவர் அதைத் தொடவே மாட்டார்.

கரண்ட் செலவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காலியிலிருந்து முழுசாக ஏற்ற ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதில் தினமும் சார்ஜ் போட்டாலும் இருபதைத் தாண்டாது.

#10 · வடக்குவாசல் · செவ்வாய் இரவு 9.05

எனக்கு விலையைவிட உப்புதான் கவலை. என் வீடு கடலிலிருந்து நாலு தெரு. சாதா சைக்கிளின் செயினே மாதம் ஒருமுறை துரு பிடிக்கிறது. இதில் ஒயர், இணைப்பு, சார்ஜ் துளை எல்லாம் இருக்கிறதே? சாம்பல் தூசி வேறு.

#11 · ஓம்_விதி · செவ்வாய் இரவு 9.30

நியாயமான கவலை. சார்ஜ் துளையின் ரப்பர் மூடி கிழிந்தால் அன்றே மாற்றுங்கள். ஒயர் இணைப்புகளில் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவலாம். கழுவும்போது பிரஷர் வாஷ் வேண்டவே வேண்டாம், ஈரத்துணி போதும். வெயிலில் காய்ந்து வந்த வண்டிக்கு உடனே சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏற்ற 45 டிகிரிதான் பொதுவாக மேல்வரம்பு, கறுப்பு ஃபிரேம் நம் ஊர் வெயிலில் அதைச் சுலபமாகத் தாண்டும். நிழலில் ஒரு மணி நேரம் ஆறட்டும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள்.

செயின் விஷயத்தில் பின்சக்கர மோட்டார் நல்லது. அதன் பலம் நேராகச் சக்கரத்துக்குப் போகிறது, செயினுக்கு நம் கால் பாரம் மட்டும்தான். மிதிக்கு நடுவில் மோட்டார் வைத்த வண்டிகளில் இரண்டு பாரமும் செயின் மேல் விழும். ஆனால் உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ள வண்டி. டிரெய்லர் பக்கத்தில் அரைச் சுற்றுக்குப் பிறகு திடீர் உந்து என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

#12 · பழைய_ராலே, விம்கோ நகர் · புதன் காலை 10.40

நான் இங்கே எழுதுவது முதல் தடவை. வயது 64. முப்பது வருடம் ராலே சைக்கிளில்தான் வேலைக்குப் போனேன், வந்தேன். போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம், ஆனால் துடிப்பு 110ஐத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தெருவுக்குள் ஓட்டினால் 100. எர்ணாவூர் மேம்பாலத்தில் கால்வாசி ஏறும்போதே 118. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். என் மகள் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், மணலியில். அதனால் பஸ்ஸில் போகிறேன்.

செயின்கவர் தம்பி, பாலம் ஏறும்போது உங்கள் துடிப்பு எவ்வளவு இருந்தது என்று பார்த்தீர்களா?

#13 · செயின்கவர் · புதன் மதியம் 1.15

ஐயா, வணக்கம். நெஞ்சில் பட்டை கட்டியிருந்தேன், இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். போகும்போது, மோட்டார் வேலை செய்தபோது, பாலத்தின் உச்சியில் 112. வரும்போது, மோட்டார் போன பிறகு, 151. எனக்கும் உங்களுக்கும் கணக்கு ஒன்றில்லை, ஆனால் வித்தியாசம் தெரிகிறதல்லவா?

எனக்கு அந்த வண்டி வேண்டாம் என்றுதான் நேற்று முடிவு செய்திருந்தேன். கும்பலோடு 28ல் போவதற்கு அது உதவாது, காற்றுக்கு மட்டும் அவ்வளவு விலை கொடுக்க மனம் வரவில்லை. உங்கள் பதிவைப் பார்த்த பிறகு கடைக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை கொடுப்பார்களாம், முன்பணம் அதேதான். நீங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கு நான் விம்கோ நகருக்குக் கொண்டு வருகிறேன். ஞாயிறு காலையில் அந்தப் பாலத்தில் கூட்டம் குறைவு.

#14 · ஓம்_விதி · புதன் மதியம் 2.00

ஐயா, சில மாடல்களின் செயலியில் இதயத்துடிப்புப் பட்டையை இணைத்து ஒரு எல்லை வைக்கலாம். துடிப்பு அதை நெருங்கினால் மோட்டார் தானாகக் கூடுதலாகத் தள்ளும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதை நம்ப வேண்டாம். உதவியை ஆரம்பத்திலேயே உச்சத்தில் வைத்து, மிகச் சின்ன கியரில், வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் சுற்றுங்கள். 105 காட்டினால் நின்றுவிடுங்கள். செயின்கவர் அண்ணா, சீட் உயரத்தை முன்கூட்டியே அவருக்குச் சரிசெய்து விடுங்கள். வளைந்த ஹேண்டில் அவருக்குப் புதுசு, முதலில் தெருவுக்குள் பத்து நிமிடம் ஓட்டட்டும். கிளம்பும்போது வரும் அந்த உந்தையும் சொல்லிக் கொடுங்கள்.

#15 · மிதிமன்னன் · புதன் இரவு 9.45

நானும் வருகிறேன். பின்னால் சிவப்பு விளக்கு போட்டுக்கொண்டு ஐயாவுக்கு வலது பக்கம் ஒட்டி வருவேன், லாரி நெருங்காது. மோட்டாரைப் பற்றி என் கருத்து மாறவில்லை, அது வேறு விஷயம்.

#16 · பழைய_ராலே · வியாழன் காலை 11.20

டாக்டர் சரி என்றார். கூட ஆள் இருக்க வேண்டும் என்றார். இருக்கிறார்கள் என்று சொன்னேன். ஆறு மணிக்கு வாசலில் நிற்பேன், தம்பிமார்களுக்குக் காபி உண்டு.

#17 · பழைய_ராலே · ஞாயிறு காலை 9.50

106. இறங்கவில்லை. மகள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரம்பூர்த் தம்பி நாலாவது தோசை சாப்பிடுகிறார்.